புதுப்பித்தல் என்னும் அழிப்பு

கற்கோயில்களைத் தூய்மைப்படுத்துகிறோம் என்று மணல்வீச்சுக் கருவிகளைக் கொண்டுவந்தவர்கள் கல்வெட்டின் எழுத்துகளையும் சிற்பத்தின் முகத்தையும் சேர்த்தே உரித்தெடுத்தபோது நம்மில் பலர் கொதித்தோம். கட்டுரைகள் எழுதினோம், கையெழுத்து இயக்கம் நடத்தினோம். அதே மணல்வீச்சு எழுபது ஆண்டு வயதான ஒரு லேண்ட் ரோவரின் சேஸிஸ் மீது பாயும்போது மட்டும் நாம் ஏன் கைதட்டுகிறோம்? ‘முன்பு’, ‘பின்பு’ என்று இரண்டு புகைப்படங்களை அருகருகே வைத்ததும் நம் வரலாற்றுணர்வு எங்கே போய் ஒளிந்துகொள்கிறது?

இந்தக் கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். கோயில் எங்கே, கரடுமுரடான பாதையில் ஓட்டச் செய்த வண்டி எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் இருபதாம் நூற்றாண்டு தன்னைப் பற்றி எழுதிவைத்த ஆவணங்களில் பெரும்பகுதி காகிதத்தில் இல்லை. தகரத்திலும் இரும்பிலும் இருக்கிறது. அவற்றை வாசிக்கத் தெரியாதவர்கள் அழிக்கிறார்கள் என்பதே என் குற்றச்சாட்டு. அழிப்பவர்கள் வண்டியை வெறுப்பவர்கள் அல்லர், காதலிப்பவர்கள் என்பதுதான் இதில் உள்ள துயரம்.

லேண்ட் ரோவரையே எடுத்துக்கொள்வோம். உலகப்போர் முடிந்த பிரிட்டனில் எஃகு பங்கீட்டில் இருந்தது. ரோவர் நிறுவனத்தின் தலைமைப் பொறியாளர் மாரிஸ் வில்க்ஸ், வேல்ஸின் ஆங்கில்ஸி தீவில் இருந்த தன் நிலத்தில் அமெரிக்க ராணுவம் விட்டுச்சென்ற வில்லிஸ் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தார். அது பழுதடைந்தால் மாற்றாக வாங்க வேறொன்று இல்லை என்ற எளிய காரணத்திலிருந்து ஒரு வண்டி பிறந்தது. 1948 ஏப்ரல் 30 அன்று ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது. எஃகு கிடைக்காததால் உடல் பர்மாபிரைட் என்ற அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. பெரிய அச்சு இயந்திரங்களுக்குச் செலவிட வழியில்லாததால் தகடுகள் தட்டையாகவும் எளிய வளைவுகளோடும் அமைந்தன. சேஸிஸ்கூடத் தட்டையான எஃகுப் பட்டைகளைப் பெட்டிபோலச் சேர்த்து வெல்டிங் செய்து உருவாக்கப்பட்டதுதான். அந்த வண்டியின் அழகு என்று இன்று நாம் வியப்பதெல்லாம் பற்றாக்குறையின் கையெழுத்து. நேர்த்தியின்மையே அதன் உண்மை.

இப்போது இதைப் ‘புதுப்பிப்பவர்’ என்ன செய்கிறார்? நசுங்கிய தகட்டை எறிந்துவிட்டுப் புதிய தகடு பொருத்துகிறார். துருப்பிடித்த சேஸிஸுக்குப் பதில் துத்தநாகம் பூசிய புதிய சேஸிஸ் வாங்குகிறார். கண்ணாடிபோல மின்னும்வரை பெயின்ட் மேல் பெயின்ட் அடிக்கிறார். 1948இல் எந்தத் தொழிற்சாலைத் தொழிலாளியும் கண்டிராத ஒரு பளபளப்பை அதன் மேல் ஏற்றிவிட்டு, ‘அசல் நிலைக்குக் கொண்டுவந்தேன்’ என்கிறார். எந்த அசல்? அப்படியொரு வண்டி எந்த ஆண்டிலும் எந்தச் சாலையிலும் ஓடியதில்லை.

உற்பத்தி நிறுவனமே இந்த மயக்கத்தை விற்றது. 2016இல் பழைய முதல் வரிசை வண்டிகள் இருபத்தைந்தைத் தேடியெடுத்து, முழுவதும் தொழிற்சாலை நிலைக்கு மாற்றி, வாடிக்கையாளர் விரும்பிய பழைய வண்ணத்தில் தருவதாக ஒரு திட்டத்தை அறிவித்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1948 கண்காட்சியில் நின்ற வண்டிகளில் ஒன்று, வேல்ஸில் ஒரு வயலில் இருபது ஆண்டுகள் நகராமல் நின்று இயந்திரங்களுக்கு விசை கொடுத்துக் கிடந்து, பின் சோலிஹல் தொழிற்சாலைக்குச் சில மைல் தொலைவிலிருந்த ஒரு தோட்டத்தில் கண்டெடுக்கப்பட்டது. 2018இல் அதைச் சீர்செய்யப்போவதாக அறிவித்தபோது, அதே நிறுவனம் அந்த வண்டியின் பழமைத் தோற்றத்தையும் முதலில் அடித்த வெளிர்பச்சைப் பெயின்ட்டையும் காப்பாற்றுவோம் என்றது. விற்பனைக்கு ஒரு நீதி, தன் குடும்பச் சொத்துக்கு ஒரு நீதி! எது மதிப்புமிக்கது என்று அவர்களுக்குத் தெரிந்தே இருக்கிறது.

இந்தச் சண்டை புதிதல்ல. தேவாலயங்களை ‘மீட்டெடுக்கிறோம்’ என்று சுரண்டித் தள்ளிய கட்டடக் கலைஞர்களுக்கு எதிராக 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியவர் கவிஞர் வில்லியம் மாரிஸ். மீட்டெடுப்பு வேண்டாம், அன்றாடப் பராமரிப்பு போதும் என்பதே அவர் நிலைப்பாடு. 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், புதிதாகச் சேர்க்கும் பகுதி முழுமையோடு இசைந்திருந்தாலும் பழையதிலிருந்து பிரித்தறியும்படி இருக்க வேண்டும் என்றது. நமக்கு இவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. புறநானூற்றில் 267, 268 ஆகிய பாடல்கள் கிடைக்கவில்லை. உ.வே.சாமிநாதையரால் ஒரு செய்யுள் இயற்றி அந்த இடத்தை நிரப்பியிருக்க முடியாதா? அவருடைய புலமைக்கு அது ஒரு பொழுதின் வேலை. செய்யவில்லை. சிதைந்த அடிகளைச் சிதைந்தபடியே அச்சிட்டார். பதிப்பாசிரியனின் முதல் ஒழுக்கம் இல்லாததை இல்லையென்று காட்டுவது. பட்டறையில் நிற்பவனுக்கும் அதுவே ஒழுக்கம்.

எதிர்வாதங்களை அறிவேன். முதலாவது பாதுகாப்பு. பிரேக் குழாய், ரப்பர், ஒயரிங், டயர் ஆகியவற்றை மாற்றத்தான் வேண்டும். அவை தேய்வதற்காகவே செய்யப்பட்டவை. முதல் உரிமையாளரும் மாற்றியிருப்பார். சேஸிஸ் அரித்துப்போன இடத்தில் வெட்டி ஒட்டுப்போட வேண்டும் என்பதிலும் மறுப்பில்லை. ஒட்டுப்போடுவது வேறு, ஒட்டுமொத்தமாகத் தூக்கியெறிவது வேறு.

இரண்டாவது, எல்லோரும் மறக்காமல் எடுத்துவரும் தீசியஸின் கப்பல். பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றினால் அது பழைய கப்பல்தானா? எத்தனை பலகை மாறியது என்பதல்ல என் கவலை. ஒரு விவசாயி நாற்பது ஆண்டுகளாகக் கையில் கிடைத்த போல்ட்டைப் போட்டு ஓட்டியது வரலாறு. அந்த நாற்பது ஆண்டுகளையும் ஒரே வாரத்தில் கழற்றி வீசிவிட்டு 1948 என்று பலகை மாட்டுவது போலி ஆவணம்.

மூன்றாவது, ‘என் வண்டி, என் பணம்’. சட்டப்படி சரி. ஓலைச்சுவடியை வைத்திருந்தவர்களும் அதைத் தம் சொத்து என்றுதான் ஆற்றில் விட்டார்கள்.

அப்படியானால் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிவைக்கவா? அதுவும் கொலைதான். ஓடாத வண்டியில் சீல்கள் காய்கின்றன, பெட்ரோல் பிசினாகிறது, பிரேக் சிலிண்டர் இறுகிப்போகிறது. 1955இல் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து புறப்பட்டு 1956இல் சிங்கப்பூரை அடைந்தார்கள். அவற்றில் ‘ஆக்ஸ்ஃபோர்டு’ என்று பெயரிட்ட வண்டி பின்னர் செயின்ட் ஹெலினா தீவில் கேட்பாரற்றுக் கிடந்தது. பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டு, ஓடும் நிலைக்கு ஆக்கப்பட்டு, 2019இல் சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குத் திரும்ப ஓடியது. மீட்பு என்றால் அது: பொருள் தன் தொழிலுக்குத் திரும்புவது.

இதைச் செய்யக் காசோலை போதாது, காலம் வேண்டும். அதனால்தான் இந்தப் பொழுதுபோக்கைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் இழுக்கும் தனிமனிதனை நான் நம்புகிறேன். மாதத்துக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை கொட்டகையில் குனிந்து கிடப்பவனுக்கு ஒவ்வொரு நட்டையும் கழற்றுமுன் யோசிக்க நேரமிருக்கிறது. இந்தத் துளை ஏன் இங்கே? எதை மாட்டியிருந்தார்கள்? அலுமினியம் எஃகைத் தொடும் இடத்தில் மட்டும் ஏன் இவ்வளவு அரிப்பு? கேள்வி கேட்பவன் அவசரமாக எறிவதில்லை. கெடுதேதி வைத்து வேலை செய்யும் பட்டறைக்கோ பழையதைப் படிப்பதைவிடப் புதியதைப் பொருத்துவது மலிவு.

ஆகவே இந்த வேலையில் இறங்குபவர்களிடம் வேண்டுவது சிலவே. கைவைக்குமுன் படம் எடுங்கள். கழற்றியதை எறியாதீர்கள், சீட்டு எழுதிக் கட்டிவையுங்கள். புதிதாக ஒட்டிய தகட்டின் உட்புறம் ஆண்டைப் பொறித்துவிடுங்கள். உரியாத பெயின்ட்டை உரிக்காதீர்கள். எதை மாற்றினீர்கள், ஏன் மாற்றினீர்கள் என்று ஒரு நோட்டுப்புத்தகத்தில் எழுதி வண்டியோடு வையுங்கள்.

இவற்றில் எதுவும் முடியாது, மின்னத்தான் வேண்டும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் அதற்கு மீட்டெடுத்தல் என்று பெயர் சூட்டாதீர்கள். புதிதாக ஒரு வண்டி செய்தேன், அதற்காகப் பழையது ஒன்றை உடைத்தேன் என்று சொல்லுங்கள். அந்த நேர்மைக்காவது உங்களை மதிப்போம்.