மியூசியத்துல பாடம் நடத்தாதீங்க!

எமுலேட்டர்னாலே எனக்கு ஒரு தனிப் பிரியம். இருக்கிற கம்ப்யூட்டருக்குள்ளேயே இல்லாத ஒரு பழைய கம்ப்யூட்டரை உருவாக்கி, அந்தக் காலத்து சாஃப்ட்வேரை அதுல ஓட வைக்கிற வித்தை அது. அதுல ரொம்பப் பிரபலம், 2002-ல வந்த டாஸ்பாக்ஸ். பழைய பிராசஸர், விஜிஏ திரை, சவுண்ட் பிளாஸ்டர் கார்டு எல்லாத்தையும் அச்சு அசலா நடிச்சுக் காட்டும். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ஆடலாம், வேர்ட்ஸ்டாரைத் திறந்து பார்க்கலாம். 2015-ல இன்டர்நெட் ஆர்க்கைவ் சுமார் 2,400 டாஸ் கேம்களை ப்ரௌசர்லயே ஆடுற மாதிரி போட்டாங்களே, அதுக்குப் பின்னாடி உழைச்சதும் டாஸ்பாக்ஸ்தான். இப்படிப் பழசைக் காப்பாத்துறவங்களுக்கு கோயில் கட்டினாலும் தகும்.

சரி, மேட்டருக்கு வருவோம். நம்ம ஊர்ல டாஸ்பாக்ஸை அதிகமா உபயோகிக்கிறது கேம் ஆடுறவங்களான்னு எனக்கு ஒரு சந்தேகம். டர்போ சி படிக்கிற பசங்கதான் அதிகமா இருப்பாங்கன்னு தோணுது!

அந்த நீல ஸ்க்ரீனை மறக்க முடியுமா? கண்ட்ரோல் எஃப்9 அடிச்சு ஓட்டி, ஆல்ட் எஃப்5 அடிச்சு ரிசல்ட் பார்த்த தலைமுறை நாம. ஆனா அது 16-பிட் டாஸ் சாஃப்ட்வேர். 64-பிட் விண்டோஸ்ல நேரடியா ஓடவே ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது. அப்போ கதை முடிஞ்சிருக்கணும் இல்லையா? முடியலை. டாஸ்பாக்ஸையும் டர்போ சி++ஐயும் ஒரே பொட்டலமாக் கட்டி யாரோ நெட்ல விட்டாங்க. பல காலேஜ் லேப்ல பாடம் அப்படியே தொடர்ந்துச்சு, சில இடத்துல இன்னமும் தொடருது.

இதுல என்ன தப்புன்னு கேட்பீங்க. ஒரு சின்ன உதாரணம். ஃபேக்டோரியல் கண்டுபிடிக்கிற ப்ரோகிராமை 'இன்ட்' போட்டு எழுதி, டர்போ சி-ல 8 கொடுத்துப் பாருங்க. 40320 வரணும். வர்றது -25216! ஏன்னா அங்கே இன்ட்டுக்கு 16 பிட்தான், 32767-க்கு மேல தாங்காது. இன்னிக்கு சாதாரண கம்பைலர்ல இன்ட் 32 பிட், 12 வரைக்கும் சரியா வரும்.

அடுத்தது, சி++ மொழிக்கு முதல் தரநிலை வந்ததே 1998-ல. டர்போ சி++ 3.0 அதுக்கு முன்னாடியே பொறந்தது. அதனால 'ஐஓஸ்ட்ரீம்' பக்கத்துல ஒரு 'டாட் எச்' போடணும், 'வாய்ட் மெயின்' எழுதணும், முதல் வரியில ஸ்க்ரீனைத் துடைக்கணும். இந்த மூணையும் மனப்பாடம் பண்ணிட்டு வர்ற பையன் ஜிசிசி-ல எழுதினா மூணும் எரர். பொட்டி தட்டுற வேலைக்கு இன்டர்வியூ போய் உட்காரும்போதுதான் இது தெரிய வருதுன்னா, யாரை நோகுறது?

மூணாவதுதான் ரொம்ப ஆபத்து. டாஸ்ல மெமரிக்குக் காவல்காரன் கிடையாது. பாயின்டர் தப்பான இடத்துல எழுதினாலும் ப்ரோகிராம் பாட்டுக்கு ஓடும். இன்னிக்கு லினக்ஸ்ல அதையே பண்ணினா பெரும்பாலும் அந்த இடத்திலேயே கழுத்தைப் பிடிச்சு நிறுத்தும். தப்பு பண்ணும்போது தட்டிக் கேட்கிற கம்பைலர்தானே கத்துக்கிறவனுக்கு வேணும்?

"அடிப்படை தெரிஞ்சா போதாதா சார்?" என்பாங்க. லூப்பும் அர்ரேயும் எதுல படிச்சாலும் ஒண்ணுதான், ஒத்துக்கறேன். லேப் மேனுவல், ரெக்கார்டு நோட்டு, வைவா கேள்வி எல்லாத்தையும் மாத்தறது வாத்தியார்களுக்குப் பெரிய தலைவலி, அதுவும் புரியுது. ஆனா காசு இல்லைங்கிற சாக்கு செல்லாது. ஜிசிசி 1987-லேருந்து இலவசம், கோட்பிளாக்ஸும் இலவசம்.

போர்லாண்ட் கம்பெனி பழைய டர்போ சி 2.01-ஐ இலவசமாக் கொடுத்தப்போ, அதை வெச்ச இடத்துக்குப் பேரே மியூசியம். அதைச் செஞ்சவங்களுக்கே தெரிஞ்சிருக்கு.

எமுலேட்டரோட வேலை பழசைக் காப்பாத்துறது. பழசை மாத்தாம இருக்கிறதுக்கு அதைச் சாக்கா வெச்சுக்கக் கூடாது. செமஸ்டர்ல ஒரு நாள் டாஸ்பாக்ஸ்ல டர்போ சி-யைத் திறந்து காட்டுங்க, "640 கேபி-க்குள்ள எவ்வளவு அழகா செஞ்சிருக்காங்க பாருங்கடா"ன்னு சொல்லுங்க. பசங்க வாயைப் பிளப்பாங்க. மறுநாள் புது கம்பைலர்ல பாடத்தை ஆரம்பிங்க.

டிஸ்கி: டர்போ சி-யைத் திட்டினதா நினைச்சு யாரும் ஆட்டோ அனுப்பிடாதீங்க. என் மெஷின்லயும் அது பத்திரமா இருக்கு, டாஸ்பாக்ஸுக்குள்ள :-)