வடம் பிடிக்க வாரீர்!

"நமக்கெதற்கு அந்த வேலை? அதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் செய்யவேண்டியது!"

கட்டற்ற மென்பொருள் பற்றிப் பேச்செடுத்தாலே நம் மாணவர் பலரிடமிருந்து வரும் மறுமொழி இது. கேட்பவர்க்கு இது பணிவாகத் தோன்றும். உண்மையில் இது ஒரு பழக்கம். பிறர் ஆக்கித் தந்ததைப் பயன்படுத்துவது, குறை கண்டால் முணுமுணுப்பது, மறுநாள் மறந்துவிடுவது - இம் மூன்றும் நமக்குப் பழகிப் போய்விட்டன. கணினியில் தமிழ் சரியாக வரவில்லை என்று விடுதியில் குறைகூறாத மாணவர் யார்? அக் குறையை உரிய இடத்தில் எழுதித் தெரிவித்தவர் எத்தனை பேர்? இந்த இரு கேள்விகளுக்கும் இடையே உள்ள தொலைவைக் குறைக்கவேண்டும் என்பதே என் கருத்து.

கட்டற்ற மென்பொருள் என்பது யாது? எந்த நிரலின் மூலம் யாவரும் படிக்கத் திறந்து வைக்கப்பட்டுள்ளதோ, எதைப் பயன்படுத்தவும் ஆராயவும் மாற்றவும் பிறர்க்கு வழங்கவும் உரிமத்திலேயே எழுத்து வடிவில் உரிமை தரப்பட்டுள்ளதோ, அதுவே கட்டற்ற மென்பொருள். 1983-இல் அமெரிக்காவில் ரிச்சர்டு ஸ்டால்மன் 'குனூ' திட்டத்தை அறிவித்து இந்த இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். 1991-இல் பின்லாந்து நாட்டின் எல்சிங்கி பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 'லினக்ஸ்' கருநிரலை வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 21. நம்மைப் போல் விடுமுறையை எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரு மாணவர்தாம்! இன்று நம் சட்டைப் பையிலுள்ள ஆண்ட்ராய்டு பேசி அந்தக் கருநிரலின்மேல்தான் இயங்குகிறது. அதை இந்த அளவுக்கு வளர்த்தவர்கள் உலகெங்கும் உள்ள பல்லாயிரவர். அவர்கள் ஒவ்வொருவரும் ஒரு நாள் புதியவராக வந்தவர்களே.

இந்த இயக்கம் நமக்குத் தொலைவில் உள்ளதன்று. நாம் வாழும் கேரள மண்ணில் அது ஆழ வேரூன்றியிருக்கிறது. 2001-இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்றது திருவனந்தபுரத்தில். 2002-இல் பைஜூ என்பவர் தொடங்கிய 'சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்' என்னும் தன்னார்வக் குழு மலையாளத்துக்கு எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் ஆக்கித் தந்தது. 'ஐடி அட் ஸ்கூல்' என்ற பெயரில் வளர்ந்து, 2017-இல் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக மாறிய அமைப்பு, கேரளப் பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருளையே நிலைநிறுத்தியது.

இதில் தமிழர்க்குத் தனிச்சிறப்பான செய்தி ஒன்று உண்டு. அந்த மலையாளக் குழுவினர் தமிழுக்கும் ஓர் எழுத்துரு தந்திருக்கிறார்கள். அதன் பெயர் 'மீரா இனிமை'. அதை வடிவமைத்த கே. எச். உசேன், பீச்சியிலுள்ள கேரள வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றியவர். மலையாள எழுத்துக்காக உழைத்த ஒருவர் அண்டை மொழிக்கும் ஒரு கொடை அளித்தார். அதை யாரும் விலையின்றி எடுத்துப் பயன்படுத்தலாம். அண்டை வீட்டார் இவ்வளவு செய்திருக்க, வீட்டுக்காரர் நாம் என்ன செய்தோம்?

1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் பிரிந்தபோது தேவிகுளம், பீர்மேடு, உடும்பஞ்சோலை, சித்தூர் ஆகிய பகுதிகள் கேரளத்துக்குள் அமைந்தன. அதன் சரி தவறுகளை ஆராய்வதற்கு இது இடமன்று. அதனால் விளைந்த ஒன்றை மட்டும் சொல்கிறேன். மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்திலும், மறையூரிலும், வட்டவடையிலும், கொழிஞ்சாம்பாறையிலும், வேலந்தாவளத்திலும் வளர்ந்த நாம் வீட்டில் தமிழும் கடைவீதியில் மலையாளமுமாக இரு மொழிகளோடு வளர்ந்தோம். தேவிகுளம் வட்டத்தில் தமிழ்வழி படித்த எனக்கு, பேருந்தின் பெயர்ப்பலகையைப் படிக்க ஒரு மொழி, பாடநூலைப் படிக்க ஒரு மொழி. சுமை என்று நாம் எண்ணிய இந்த இருமொழி அறிவு, மென்பொருள் ஆக்குவோர் தேடியும் எளிதிற் கிடைக்காத செல்வம்.

எப்படி என்று கேட்பீர்கள். ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறேன். 'கொ' என்ற எழுத்தைக் கணினியில் இரு வகையாகச் சேமிக்கலாம். ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாக இடலாம். அல்லது கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாக இடலாம். திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். யூனிகோடு விதிப்படியும் இரண்டும் சமம். ஆனால் அந்த விதியைக் கருதாமல் எழுதப்பட்ட தேடல் நிரலுக்கு அவை வெவ்வேறு. 'கொழிஞ்சாம்பாறை' என்று நாம் தேடினால், ஊர்ப்பெயர் கண்ணெதிரே இருக்கும்போதே 'இல்லை' என்று அந்த நிரல் கைவிரிக்கும்! இதே சிக்கல் மலையாள ஒகரத்துக்கும் உண்டு. ஒரு நிரலில் மலையாளத்துக்காக இது திருத்தப்பட்டிருந்தால், தமிழுக்கும் சரியாகிவிட்டதா என்று ஒரே அமர்வில் இரு மொழியிலும் சோதிக்க வல்லவர் யார்? சென்னை மாணவர்க்கு மலையாளம் தெரியாது. கொச்சி மாணவர்க்குத் தமிழ் எழுதவராது. நமக்கு இரண்டும் தெரியும்.

இப்படிப்பட்ட பிழையைக் கண்டால் செய்யவேண்டியது என்ன? நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு திட்டத்துக்கும் பிழைகளைப் பதியும் பட்டியல் ஒன்று உண்டு. அதில் அதே பிழை முன்பே பதியப்பட்டுள்ளதா என்று முதலில் பாருங்கள். இல்லையெனில் எழுதுங்கள்: நான் செய்தது இது, எதிர்பார்த்தது இது, நடந்தது இது, என் கணினியிலுள்ள பதிப்பு இது. இந்த நான்கும் தெளிவாக இருந்தால் அது முழுமையான பங்களிப்பு. 'தமிழ் வேலை செய்யவில்லை' என்று ஒரே வரியில் எழுதுவது புலம்பலே. அதை வைத்துக்கொண்டு எவரும் எதையும் திருத்த இயலாது.

இரண்டாவது வாயில் மொழிபெயர்ப்பு. பட்டியல்களிலும் பொத்தான்களிலும் தோன்றும் சொற்களைத் தமிழாக்கும் பணி பல திட்டங்களில் இன்னும் முற்றுப்பெறவில்லை. லிப்ரே ஆபீஸ் போன்றவை இதற்கென வெப்லேட் என்னும் தளத்தைத் திறந்து வைத்திருக்கின்றன. இதற்கு அகராதி மட்டும் போதாது, இலக்கணமும் வேண்டும். ஒரு கோப்பை நீக்கலாமா என்று கேட்கும் தொடரில் கோப்பின் பெயர் வரவேண்டிய இடம் வெற்றிடமாக இருக்கும். அந்த வெற்றிடத்தோடு 'ஐ' உருபை ஒட்டிவிட்டால், 'கடிதம்' என்னும் கோப்பு 'கடிதம்ஐ' என்று நிற்கும்! தமிழ் படித்த மாணவர் இதை உடனே உணர்வார். 'நீக்கவேண்டிய கோப்பு: கடிதம்' என்று தொடரையே மாற்றி அமைப்பார். கணினித்துறை மாணவரைவிடத் தமிழிலக்கிய மாணவர் இங்கே பெரிதும் வேண்டப்படுகிறார் என்பதை அழுத்திச் சொல்கிறேன்.

மூன்றாவது வாயில் குரல். மொசில்லா அறக்கட்டளை 2017-இல் தொடங்கிய 'காமன் வாய்ஸ்' திட்டம், பேச்சைப் புரிந்துகொள்ளும் கருவிகளுக்காகப் பொதுமக்களின் குரல்களைத் திரட்டுகிறது. தமிழும் அதில் உண்டு. திரையில் தோன்றும் தொடரைப் படிக்கவேண்டும். அல்லது பிறர் படித்ததைக் கேட்டுச் சரிபார்க்கவேண்டும். அவ்வளவுதான் வேலை. நகரத்தார் குரலை மட்டுமே கேட்டுப் பழகிய கருவி, கொழுந்து எடுக்கும் தாயின் தமிழையும் சித்தூர் உழவரின் கொங்குத் தமிழையும் எப்படிப் புரிந்துகொள்ளும்? நாளை மருத்துவமனையிலும் வங்கியிலும் அலுவலகத்திலும் அக்கருவிகள் வந்து நிற்கும்போது, நம் மக்களின் பேச்சு அவற்றுக்கு அயல்மொழியாகிவிடக் கூடாதன்றோ?

நிரல் எழுத அறிந்தோர்க்கு நான்காவது வாயில் உண்டு. 'தமிழ்' என்ற சொல்லில் எழுத்து மூன்று. கணினியோ குறியீடுகளை எண்ணி ஐந்து என்று சொல்லும். இத்தகைய சிக்கல்களைத் தீர்க்கப் பைதான் மொழியில் 'ஓப்பன் தமிழ்' என்னும் நிரல்தொகுப்பு இருக்கிறது. இத்தகைய திட்டங்களில், புதியவர்க்கு ஏற்ற சிறு பணிகளைத் தனியே குறியிட்டு வைக்கும் வழக்கம் உண்டு. அவற்றில் ஒன்றை எடுங்கள். மூலநிரலின் படியைக் 'கிட்' கருவியால் உங்கள் கணினிக்குக் கொண்டுவாருங்கள், திருத்துங்கள், சோதியுங்கள், ஏன் திருத்தினேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். ஒரு திருத்தத்தில் ஒரு பொருள் போதும். ஒன்பது பொருளை ஒன்றாகக் கட்டி அனுப்பினால் படிப்பவர் களைத்துப் போவார்.

வாயில்களைச் சொன்னேன், நடந்துகொள்ளும் முறையையும் சொல்லவேண்டும். கல்பாத்தியிலோ வேறு ஊரிலோ தேரோட்டம் கண்டிருப்பீர்கள். வடம் பிடிப்போர் ஆயிரம் பேர். சக்கரத்தருகே கட்டை போடுகிறவர் சிலர். ஓடுகிற தேருக்கு அவர் தடை போடுவதுபோல் தோன்றும். அவர் இல்லையேல் தேர் திரும்பாது. வீட்டுத் திண்ணையில்தான் போய் முட்டும். மென்பொருள் திட்டத்தின் பராமரிப்பாளர் அந்தக் கட்டை போடுகிறவர். நம் திருத்தத்தை அவர் திருப்பி அனுப்பினால், கேள்விமேல் கேள்வி கேட்டால், சினங்கொள்ளலாகாது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட 'எக்ஸ்-இசட்' நிகழ்ச்சியை எண்ணிப் பாருங்கள். கோப்புகளைச் சுருக்கும் அந்தக் கருவியைப் பெரும்பாலும் ஒரே ஒருவர் ஊதியமின்றிக் காத்துவந்தார். உதவுவதுபோல் வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேல் உழைத்து நம்பிக்கையைப் பெற்று, இறுதியில் அதற்குள் கள்ளவாயில் ஒன்றை வைத்தார். கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆவதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளரால்தான் அது வெளிப்பட்டது. பராமரிப்பாளர்க்கு உண்மையான துணைவர் தேவை என்பதையும், அவர் ஐயுற்றுச் சோதிப்பது ஏன் என்பதையும் இந்த ஒரு நிகழ்ச்சியே விளக்கிவிடுகிறது.

நம் நாட்டு மாணவர்மீது ஒரு பழியும் உண்டு, மறைப்பதில் பயனில்லை. அக்டோபர் மாதத்தில் நான்கு திருத்தங்கள் அனுப்பினால் ஒரு பனியன் பரிசு என்று 'ஹாக்டோபர்பெஸ்ட்' விழாவில் முன்பு அறிவித்துவந்தார்கள். 2020-இல் அந்தப் பனியனுக்காகப் பொருளற்ற திருத்தங்கள் வெள்ளமாய்ப் பாய்ந்தன. ஒரு சொல்லைச் சேர்ப்பது, 'அருமையான திட்டம்' என்று எழுதுவது - இவைகூடத் திருத்தங்களாம்! விழா நடத்தியோர் விதியையே மாற்றவேண்டியதாயிற்று. இன்று செயற்கை அறிவுக் கருவி எழுதித் தந்ததைப் படித்தும் பாராமல் அனுப்புவோர் பெருகி, பராமரிப்பாளர்கள் சலித்துப்போயிருக்கிறார்கள். கருவியின் துணையை நாடுவது குற்றமன்று. தாம் விளங்கிக்கொள்ளாத ஒன்றைத் தம் பெயரில் அனுப்புவது குற்றம்.

"நாம் இலவசமாக உழைக்க, பெருநிறுவனங்கள் பொருள் ஈட்டுவதா?" என்று சிலர் கேட்பர். நேர்மையான கேள்வி. ஈட்டத்தான் செய்கின்றன. சில உரிமங்கள், திருத்தியதையும் பொதுவிலேயே வழங்கவேண்டும் என்று கட்டுப்படுத்துகின்றன. சில அவ்வாறு கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே உரிமத்தைப் படித்துவிட்டு இறங்குங்கள். நம்மவர்க்கு முதலில் பயன்படும் திட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். மூணாற்றுத் தமிழ்வழிப் பள்ளிச் சிறுமி ஒருத்தி கணினியைத் திறந்ததும் தன் தாய்மொழியில் ஒரு தெளிவான தொடரைப் படிப்பாளானால், அதற்கு நாம் செலவிட்ட ஒரு மாலைப்பொழுது வீணன்று.

"ஆங்கிலத்தில் எழுதவேண்டுமே" என்று தயங்குவோரும் உளர். எளிய நான்கு தொடர் போதும். அணிநடை யாரும் கேட்கவில்லை. தமிழிலேயே வழிகாட்டுவோரும் இருக்கிறார்கள். 2012 முதல் வெளிவரும் 'கணியம்' இதழ் இந்தச் செய்திகளைத் தமிழில் எழுதுகிறது. காஞ்சிபுரத்திலும் விழுப்புரத்திலும் லினக்ஸ் பயனர் குழுக்கள் இயங்குகின்றன. விழுப்புரத்தில் முடிந்தது பாலக்காட்டில் முடியாதா?

நம் மன்றத்தார்முன் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் நடத்துகிறோம், மகிழ்ச்சி. வாரத்தில் ஒரு மாலை இதற்கும் ஒதுக்குவோம். ஒரே ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுப்போம். ஒவ்வொருவரும் இருபது தொடர்களைத் தமிழாக்குவோம். ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்துவோம். ஓரிடத்தில் 'சேமி' என்றும் பிறிதோரிடத்தில் 'காப்பாற்று' என்றும் வாராதபடி பொதுச் சொற்பட்டியல் ஒன்று வைத்துக்கொள்வோம். ஆண்டு இறுதியில், முடித்தது எவ்வளவு, ஏற்கப்பட்டது எவ்வளவு என்று இந்த இதழிலேயே கணக்குச் சொல்வோம்.

தமிழ் வாழ்க என்று முழங்க நமக்குத் தெரியும். முழக்கம் தேரை நகர்த்துவதில்லை. வடத்தில் கை வைத்தால்தான் தேர் நகரும். பிடிக்க ஆளில்லாமல் வடத்தின் ஒரு பகுதி தரையில் கிடக்கிறது. நண்பர்களே, குனிந்து எடுங்கள்!