‘கனெக்டட்’ வந்தால் போதுமா?

“மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸோடு இணைக்க பிஹெச்பியில் நாலு வரி எழுதினேன், ‘கனெக்டட்’ என்று வந்தது, இதற்கு மேல் என்ன சோதனை வேண்டிக்கிடக்கிறது?” என்று கேட்கிறார் நண்பர். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறார். சோற்றை எங்கே பதம் பார்த்தார்? மூடி திறக்கிறதா என்றல்லவா பார்த்திருக்கிறார்!

அவர் கொடுத்த முகவரி ‘லோக்கல்ஹோஸ்ட்’. லினக்ஸில் அந்தப் பெயரைக் கண்டால் மைஎஸ்கியூஎல் இணைப்பு 3306 போர்ட்டைத் தொடுவதே இல்லை. யூனிக்ஸ் சாக்கெட் கோப்பு வழியாகப் போய்விடும். போர்ட் எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தாலும் ‘கனெக்டட்’தான். 127.0.0.1 என்று மாற்றிப் பார்க்கட்டும், குட்டு வெளிப்படும். டேட்டாபேஸ் வேறு சர்வருக்குப் போனால் கதையே வேறு. அங்கே யூசர் பெயரோடு, எந்த இடத்திலிருந்து வருகிறார் என்பதையும் சேர்த்தே அனுமதி பார்ப்பார்கள்.

அடுத்தது எழுத்துக் குறியாக்கம். டேபிள் யூடிஎஃப்8எம்பி4-இல் இருந்து, இணைப்பு மட்டும் லத்தீன்1-இல் இருந்தால், ஒழுங்காகச் சேமித்த ‘அம்மா’ ஐந்து கேள்விக்குறிகளாகத் திரும்பி வருவாள். பிழைச் செய்தி எதுவும் வராது.

பிஹெச்பி 8.0க்கு முன், டேட்டாபேஸோடு பேச அதிலுள்ள பிடிஓவும் இப்படித்தான்: இணைப்பு கிடைத்த பிறகு க்வெரி தோற்றால், நாம் கேட்காதவரை வாய் திறக்காது.

ஆகவே, நிஜ சர்வரில், நிஜ யூசராக, ஒரு தமிழ் வரியைப் போட்டு, எடுத்து, ஒப்பிட்டு, அழித்துப் பாருங்கள். அதற்குப் பெயர்தான் சோதனை.