இரண்டு தீபாவளிக் கம்ப்யூட்டர்!

ராயப்பேட்டையில் ஒரு வீடு.

பையன் கல்லூரியில் முதல் வருஷம் படிக்கிறான். கையில் ஒரு காகிதம். அதில் எட்டு சாமான்களின் பெயர் எழுதி இருக்கிறது.

"அப்பா, இதை எல்லாம் வாங்கி நானே கம்ப்யூட்டர் செய்யப் போகிறேன். 50 ஆயிரம் ரூபாய் வேண்டும்."

"எதற்குடா?"

"படிப்பதற்கு... கேம் விளையாடுவதற்கு."

அப்பா காகிதத்தைப் பார்க்கிறார். அம்மா அப்பாவைப் பார்க்கிறார்.

இந்தக் காட்சி இன்று எத்தனையோ வீடுகளில் நடக்கிறது. பணத்தைக் கொடுக்கலாமா, வேண்டாமா?

கொடுக்கலாம். ஆனால், முழுப் பணத்தையும் ஒரே நாளில் கொடுக்க வேண்டியது இல்லை. இந்தத் தீபாவளிக்கு முக்கால் கம்ப்யூட்டர். அடுத்த தீபாவளிக்கு மீதி. அதுதான் சரியான வழி.

ஏன்?

சாமான் தெரு

ராயப்பேட்டையில் இருந்து அண்ணா சாலைக்கு வந்து, எல்.ஐ.சி. கட்டிடத்தைத் தாண்டிப் போனால் ரிச்சி தெரு. அதை ஒட்டி நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு. ஒரு காலத்தில் ரேடியோவுக்கும் டேப் ரிக்கார்டருக்கும் உதிரி சாமான் தேடி ஆட்கள் வந்த இடம் இது. இன்று கம்ப்யூட்டர் சாமான் தேடி வருகிறார்கள்.

ஆள் நடக்க இடம் இருக்காது. அதற்கு நடுவே மோட்டார் சைக்கிளும் வரும்!

"வாங்க தம்பி, என்ன வேணும்?" என்று நாலு பக்கமும் குரல் கேட்கும். என்ன வேண்டும் என்று தெரியாமல் போகிறவன், கடைக்காரர் விற்க நினைத்ததை வாங்கிக் கொண்டு வருவான்.

எட்டு சாமான்கள் என்ன? பிராசஸர், மதர்போர்டு, ராம், எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கேபினெட், மானிட்டர், கிராபிக்ஸ் கார்டு. ஏழு சாமான்கள் இருந்தால் அது எல்லா வேலைக்கும் ஆன கம்ப்யூட்டர். எட்டாவதும் சேர்ந்தால்தான் அது கேம் கம்ப்யூட்டர்.

அந்த எட்டாவதுதான் பணத்தை விழுங்குகிறது.

ஒரு செகண்டில் 12 கோடி புள்ளி!

சாதாரண மானிட்டரில் படம் எப்படித் தெரிகிறது? குறுக்கே 1,920 புள்ளிகள். நெடுக்கே 1,080 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள். 20 லட்சத்து 73 ஆயிரத்து 600 புள்ளிகள்!

விளையாட்டு தடுமாறாமல் ஓட வேண்டுமானால் இந்தப் படத்தை ஒரு செகண்டில் 60 தடவை புதிதாக வரைய வேண்டும். அதாவது, கண் மூடித் திறப்பதற்குள் கோடிக்கணக்கான புள்ளிகள். செகண்டுக்குப் பன்னிரண்டு கோடிக்கு மேல்!

இந்த வேலையைச் செய்வதுதான் கிராபிக்ஸ் கார்டு. கேம் கம்ப்யூட்டருக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பாலும் மூன்றில் ஒரு பங்கு இதற்கே போய்விடும்.

"4கே" மானிட்டர் என்று ஒன்று உண்டு. அதில் புள்ளிகள் நாலு மடங்கு. கார்டுக்கு வேலையும் ஏறக்குறைய நாலு மடங்கு. அதைக் கண்டு ஆசைப்படுகிற பையனுக்கு 50 ஆயிரம் போதாது. முதல் தடவை செய்கிறவனுக்குச் சாதாரண மானிட்டரே போதும்.

கார்டு காத்திருக்கட்டும்

இனி விஷயத்துக்கு வருவோம். கிராபிக்ஸ் கார்டை முதல் நாளே வாங்க வேண்டுமா?

வேண்டாம். சில பிராசஸர்களுக்கு உள்ளேயே படம் வரையும் பகுதி இருக்கிறது. 2021-ல் ஏ.எம்.டி. கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்த "ரைசன் 5 5600ஜி" அப்படிப்பட்டது. தனிக் கார்டு இல்லாமலே வேலரண்ட் ஓடும். ஜி.டி.ஏ. 5-ம் படத்தின் தரத்தைக் குறைத்து வைத்தால் ஓடும். புதிய பெரிய விளையாட்டுகள் திணறும். திணறட்டுமே!

ஒரு வருஷத்தில் பையனுக்கே தெரிந்துவிடும், தனக்கு எந்த விளையாட்டு பிடிக்கிறது என்று. அதற்கு ஏற்ற கார்டை அடுத்த தீபாவளிக்கு வாங்கிச் செருகிக் கொள்ளலாம். கார்டு செருகும் இடம் எல்லாக் கம்பெனி போர்டிலும் ஒன்றுதான். இந்த வகைப் பிராசஸரோடு கார்டு போட்டால் கொஞ்சம் வேகம் குறையும் என்பது உண்மை. அதற்காக ஒரு குடும்பம் கடன் வாங்க வேண்டியது இல்லை.

ஒரு வேளை, ஆசையே தீர்ந்து போனால்? நஷ்டம் இல்லை. படிப்பதற்கு நல்ல கம்ப்யூட்டர் வீட்டில் இருக்கிறது.

"அதற்குள் கார்டு விலை ஏறிவிட்டால்?" என்று பையன் கேட்பான். நியாயமான கேள்வி. ஏறலாம், இறங்கவும் செய்யலாம். 2021-ல் இணையக் காசு "தோண்டுகிறவர்கள்" கார்டுகளை அள்ளிக் கொண்டு போனார்கள். விலை எங்கேயோ போயிற்று. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற இணையக் காசு அந்த முறையைக் கைவிட்டது. கார்டுகள் மறுபடியும் சந்தைக்கு வந்தன. பொறுத்திருந்தவர்களுக்கு லாபம். எப்போதும் அப்படியே நடக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பல பேர் விழுகிறார்கள். இன்டெல் பிராசஸர்களில் பெயரின் கடைசியில் "எப்" என்று ஒரு எழுத்து இருக்கும். "ஐ3 12100எப்" என்பது போல. விலை குறைவு. ஆனால், உள்ளே படம் வரையும் பகுதி கிடையாது. கார்டு இல்லாமல் அதை மாட்டினால், மின்விசிறி சுற்றும். மானிட்டரில் ஒன்றுமே தெரியாது!

ஒரே ஒரு எழுத்து. அதைப் பார்க்காமல் பணம் கொடுத்துவிட்டு எத்தனை பேர் கடைக்குத் திரும்ப ஓடி இருப்பார்களோ!

கண்ணில் படாத பெட்டி

கார்டில் மிச்சம் பிடிக்கலாம். ஆனால், ஒன்றில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. அதுதான் பவர் சப்ளை. ரிச்சி தெருவில் "எஸ்.எம்.பி.எஸ்." என்பார்கள்.

வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கம்ப்யூட்டர் சாமான்களுக்கு வேண்டியது 12 வோல்ட், 5 வோல்ட், 3.3 வோல்ட். இந்த மாற்றத்தைச் செய்வது அந்தப் பெட்டி. அது கெட்டால் தான் மட்டும் கெடாது. சில சமயம் மதர்போர்டையும் கார்டையும் சேர்த்துக் கொண்டு போகும்.

ஆனால், பையன்கள் எதில் மிச்சம் பிடிக்கிறார்கள்? இதில்தான்! கேபினெட்டோடு ஒரு பெட்டி இலவசமாக வருகிறது. மேலே "450 வாட்" என்று ஒட்டி இருக்கிறது. போதும் என்று நினைக்கிறார்கள். மிச்சம் பிடித்த பணத்தில் கலர் கலராக விளக்கு எரிகிற மின்விசிறி வாங்குகிறார்கள். விளக்கு விளையாடுமா?

வாட்ஸ் கணக்கு எளிது. 5600ஜி பிராசஸர் 65 வாட் வகை. ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டு 115 வாட். மற்ற சாமான்களையும் சேர்த்தால் 300 வாட்டுக்குள் அடங்கும். பெயர் பெற்ற கம்பெனியின் 550 வாட் பெட்டி, "80 பிளஸ்" முத்திரையோடு இருந்தால் தாராளம். 850 வாட் வாங்கச் சொன்னால் சிரித்துவிட்டு வரலாம். பழைய கார்டு கூட வாங்கலாம், ஓட்டிப் பார்த்து. பழைய எஸ்.எம்.பி.எஸ். மட்டும் வேண்டவே வேண்டாம்.

வீட்டில் மூன்று முனை பிளக்கில் எர்த் சரியாக இருக்கிறதா என்றும் எலெக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட வேண்டும். சென்னை வெயிலுக்கும் தூசிக்கும் முன்புறம் காற்றோட்டம் உள்ள கேபினெட் நல்லது. கண்ணாடிக் கேபினெட் பார்க்க அழகு. அவ்வளவுதான்.

பழைய விலைப் பட்டியல் உதவாது

ராம் விஷயத்தில் ஒரு செய்தி. உலகத்தில் ராம் சில்லு செய்கிற பெரிய கம்பெனிகள் மூன்றுதான். சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான். 2025-ம் ஆண்டு கடைசியில், செயற்கை அறிவு எந்திரங்களுக்கு ராம் தேவை பெருகியது. கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பின. வீட்டு ராம் விலை மளமள என்று ஏறியது. மைக்ரான் தன்னுடைய "குரூசியல்" என்ற வீட்டு வியாபாரத்தையே மூடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது.

எங்கேயோ ஒரு தொழிற்சாலை திரும்பினால் ராயப்பேட்டைப் பையனின் காகிதம் கிழிகிறது! ஆகவே போன வருஷப் பட்டியலை நம்பிக் கிளம்பக் கூடாது. காலையில் நாலு கடையில் விலை கேட்டு, மாலையில் வாங்க வேண்டும்.

16 ஜி.பி. ராம் வாங்குவதாக இருந்தால் ஒரே துண்டாக வாங்குவதைவிட எட்டு எட்டாக இரண்டு துண்டு நல்லது. பாதை இரண்டாகிறது, வேகம் கூடுகிறது. தனிக் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஏனென்றால், படம் வரையவும் அந்த ராமைத்தான் அது எடுத்துக் கொள்கிறது.

பிறகு பில். "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்று யாராவது சொல்லலாம். ஜி.எஸ்.டி. நூற்றுக்கு 18. பத்தாயிரம் ரூபாய்ச் சாமானுக்கு 1,800 ரூபாய். சபலம் வரும். ஆனால், மூன்று வருஷ வாரண்டி உள்ள மதர்போர்டு ஆறாவது மாதம் கெட்டால், சர்வீஸ் சென்டரில் முதலில் கேட்பது பில்லைத்தான்.

"இதற்கு லேப்டாப்பே வாங்கிவிடலாமே?" என்று அம்மா கேட்கலாம். பையன் ஊர் விட்டு ஊர் போய் ஹாஸ்டலில் படிக்கிறவனாக இருந்தால் அம்மா சொல்வதுதான் சரி. வீட்டில் இருந்து படிக்கிறவனுக்கு அப்படி இல்லை. லேப்டாப்பில் அடுத்த தீபாவளிக்குக் கார்டு செருக முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ரிச்சி தெருவில் பெரும்பாலான கடைகள் மூடி இருக்கும். அதுவும் நல்லதுதான். இன்று அப்பாவும் பையனும் உட்கார்ந்து, அந்தக் காகிதத்தில் எட்டாவது சாமானை அடித்துவிட்டு, ஐந்தாவது சாமானுக்கு நேரே உள்ள தொகையைக் கொஞ்சம் கூட்டி எழுதலாம். நாளைக் காலை கடை திறக்கும்.