கராஜில் கழற்றி வைத்த எஞ்சின்

சென்ற மாதம் இப்பகுதியில் காணி உறுதியில் பெண்ணின் பெயர் இருக்க வேண்டியதன் அவசியம் பற்றி எழுதியிருந்தேன். அதை வாசித்துவிட்டு வடமராட்சியிலிருந்து ஒரு சகோதரி கடிதம் எழுதியிருக்கின்றார். அவருக்குக் காணிப் பிரச்சினை இல்லை. கணவர் இறந்தபின் அவர் கையில் மிஞ்சியது ஒரு மொறிஸ் மைனர் கார். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி என்று வாடகைக்கு விட்டு, அதில் வரும் காசில்தான் இரண்டு பிள்ளைகளும் படிக்கின்றார்கள். கார் நீலப் புகை தள்ளத் தொடங்கியதும் கராஜில் விட்டிருக்கின்றார். எஞ்சினைக் கழற்றி நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. போய்க் கேட்டால், "உங்களுக்குச் சொன்னால் விளங்காதக்கா, ஆரும் ஆம்பிளையள் இருந்தால் வரச் சொல்லுங்கோ" என்கின்றார்களாம்.

"விளங்காத அளவுக்கு அதுக்குள்ள என்னதான் பிள்ளை இருக்குது?" என்று கேட்டுக் கடிதத்தை முடித்திருந்தார்.

நியாயமான கேள்வி. பெண்ணின் சொத்து என்று பேசும்போது காணி, வீடு, நகை ஆகிய மூன்றோடு நாம் நின்றுவிடுகின்றோம். ஓடுகின்ற வாகனமும் சொத்துத்தான். ஆனால் அது பழுதடைந்த அன்றே பெண்ணின் கையை விட்டுப் போய்விடுகின்றது. பதிவுப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கும். கராஜ் வாசலில் அவர் அந்நியர். வேலைப் பிரிவினை என்று சமூகவியலில் படிப்பது இதையுந்தான். எந்த வேலையை யார் செய்வது என்பது மாத்திரமல்ல, எந்த வேலையைப் பற்றிக் கேள்வி கேட்க யாருக்கு உரிமை உண்டு என்பதும் அதற்குள் அடங்கும்.

எமது பிரதேசத்தில் மோட்டார் வாகனத் திருத்தம் பழகுகின்றவர்களில் இரண்டு பெண்பிள்ளைகளும் இருக்கின்றனர். கடிதம் கிடைத்த வாரம் அவர்களது வகுப்பில் எஞ்சின் கழற்றினார்கள். கிட்ட நின்று பார்த்தேன். அதுவும் மைனர்தான் என்பது வசதியாகப் போயிற்று.

இது உடற்பலம் வேண்டிய வேலை என்றே பலரும் சொல்வார்கள். அந்த எஞ்சின் நூறு கிலோவுக்கு மேல் வரும். அதை எந்த ஆணும் கையால் தூக்குவதில்லை, செயின் புளொக்தான் தூக்குகின்றது. சங்கிலியை இழுக்கப் பதினெட்டு வயதுப் பிள்ளையின் கை போதும். எதை முதலில் கழற்றுவது, கழற்றியதை எங்கே வைப்பது என்ற ஒழுங்குதான் அங்கே முக்கியம்.

முதலில் பற்றறி. கார் உடம்போடு பூட்டப்பட்டிருக்கும் வயரையே முதலில் கழற்ற வேண்டும். மற்றதில் முதலில் கை வைத்தால், ஸ்பனர் உடம்பில் முட்டும்போது பொறி பறக்கும். இன்றைய கார்களில் உடம்போடு பூட்டுவது மைனஸ் பக்கம். பழைய மைனர், ஒஸ்ரின் கார்களிலோ பிளஸ் பக்கம். அதனால் அடையாளத்தைப் பார்த்துப் பாடமாக்காமல், வயர் எங்கே போகின்றது என்று பார்க்கச் சொன்னார் ஆசிரியர். அடுத்தது பொனற். பிணைச்சலைச் சுற்றிப் பென்சிலால் கோடு கீறிவிட்டே கழற்றினார்கள். திரும்பப் பூட்டும்போது அந்தக் கோட்டில் வைத்தால் பிசகாது.

எஞ்சின் நன்றாக ஆறியிருந்தது. சூட்டோடு றேடியேற்றர் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் அடிக்கும். தண்ணீரையும் ஒயிலையும் வடித்தார்கள். பெற்றோல் குழாயைக் கழற்றிய உடனேயே அதன் வாயை அடைத்தார்கள். றேடியேற்றர், காபரேற்றர் வயர்கள், சைலன்சர் பூட்டு என்று ஒவ்வொன்றாக விடுபட்டன. விடுபட்ட ஒவ்வொரு வயரிலும் பிளாஸ்ரர் துண்டு ஒட்டி இலக்கம் எழுதினாள் இளையவள். போல்ற்களையும் நட்களையும் வெவ்வேறு பால்மாப் பேணிகளில் போட்டு, எந்தப் பேணி எந்தப் பகுதிக்கு என்று எழுதி வைத்தார்கள். வீட்டில் சரக்குப் பேணிகளுக்குப் பெயர் ஒட்டுகின்றவர்களுக்கா இது விளங்காது?

மிகவும் கவனமாகச் செய்ய வேண்டிய இடம் ஒன்று உண்டு. கியர் பொக்ஸைக் காரிலேயே விட்டு எஞ்சினை மாத்திரம் எடுப்பதானால், கியர் பொக்ஸுக்குக் கீழே ஜக் கொடுத்துத் தாங்க வேண்டும். அதிலிருந்து வரும் தண்டு கிளச் தட்டின் நடுவே நுழைந்திருக்கும். இணைப்புப் போல்ற்களைக் கழற்றியபின் எஞ்சினை நேராக முன்னுக்கு இழுத்து, தண்டு முழுவதும் விடுபட்ட பிறகே மேலே தூக்கலாம். அவசரப்பட்டால் பாரம் முழுவதும் அந்தத் தட்டில் தொங்கி அதைப் பழுதாக்கிவிடும். இரண்டு பிள்ளைகளும் சங்கிலியை ஒரு முறை இழுப்பதும் குனிந்து பார்ப்பதுமாக அரை மணித்தியாலம் எடுத்தார்கள். தொங்குகின்ற எஞ்சினுக்குக் கீழே ஒரு கையும் போகவில்லை.

1945 இல் பிரித்தானிய இளவரசி எலிசபெத், பின்னாளில் அரசியானவர், இராணுவத்தின் பெண்கள் துணைப் படையில் சேர்ந்து வாகனம் ஓட்டவும் திருத்தவும் பழகினார். அந்தப் படங்கள் இன்றும் பெருமையோடு காட்டப்படுகின்றன. எங்கள் பிள்ளையின் நகத்தில் கிறீஸ் இருந்தால் மாத்திரம், "இவளை ஆர் கட்டுவான்?" என்று தாய் என்னிடம் வந்து கண் கலங்குகின்றார். பயிற்சி முடிந்து என்.வி.கியூ. சான்றிதழ் கிடைத்தால் அது நாடு முழுவதும் செல்லும் என்று அந்தத் தாய்க்குச் சொன்னேன். அரை மனதோடுதான் போனார்.

புதிய கார்களில் வேலை சற்று வேறு. முன் சில்லுகளால் ஓடும் கார்களில் எஞ்சினும் கியர் பொக்ஸும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். குளிரூட்டி இருந்தால் அதன் வாயுவைக் காற்றில் திறந்து விடக்கூடாது; கருவி கொண்டு எடுக்க வேண்டும். ஹைபிரிட் காரில் செம்மஞ்சள் வயர்கள் உயிராபத்தானவை. அதற்கென்று பயின்றவரே தொட வேண்டும்.

இனி, கடிதம் எழுதிய சகோதரிக்கும் அவரைப் போன்றவர்களுக்கும். நீலப் புகை என்றால் ஒயில் எரிகின்றது. அதற்குப் பிஸ்டன் றிங் தேய்ந்தது காரணமாக இருக்கலாம், வால்வுப் பகுதி தேய்ந்தது காரணமாகவும் இருக்கலாம். வால்வு என்றால் எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றினாலே போதும், முழு எஞ்சினையும் வெளியே எடுக்க வேண்டியதில்லை. எதுவென்று அறிய ஒரு சோதனை உண்டு. பிளக் துவாரத்தில் மானி வைத்து அமுக்கத்தைப் பார்ப்பார்கள். குறைவாக இருந்தால் அதற்குள் சிறிது ஒயில் விட்டு மீண்டும் பார்ப்பார்கள். அப்போது அமுக்கம் ஏறினால் றிங் தேய்ந்திருக்கின்றது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வு. உங்கள் காருக்கு இதைச் செய்தார்களா, என்ன அளவு வந்தது என்று கேளுங்கள். செய்த மெக்கானிக் உடனே சொல்லுவார்.

இரண்டாவது, எஞ்சின் இலக்கம். 1990 களில் பெற்றோல் தடையின்போது குடாநாட்டில் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடியது நினைவிருக்கும். சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் ஒயிலோடு கலந்து அதை ஐதாக்க, பெயரிங்குகள் தேயும். தேய்ந்த எஞ்சினை எடுத்துவிட்டு வேறொன்றைப் பூட்டி, அதைப் புத்தகத்தில் பதியாமல் விட்டிருந்தால் இன்று விற்கும்போது சிக்கல் வரும். பதிவுப் புத்தகத்திலுள்ள இலக்கமும் எஞ்சினில் உள்ள இலக்கமும் ஒன்றா என்று இப்போதே பாருங்கள். வேறு எஞ்சின் பூட்டுவதாகச் சொன்னால் அதற்குரிய பற்றுச்சீட்டை வாங்கி, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்றத்தைப் பதிய வேண்டும். பழைய எஞ்சினும் உங்களுடையதே. "கிடக்கட்டும், நாங்கள் எறியிறம்" என்பார்கள், விடாதீர்கள். 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி, தனியாருக்கு 2025 இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. பழைய சாமானுக்கும் விலை உண்டு.

மூன்றாவது, கழற்றிய சாமான்களின் பட்டியல். டைனமோ, ஸ்ராட்டர், காபரேற்றர், றேடியேற்றர் எங்கே இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். கைத்தொலைபேசியில் படம் எடுங்கள். கூலி எவ்வளவு, சாமான் எவ்வளவு, எந்தத் திகதியில் முடியும் என்று எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். மறுத்தால் உங்கள் பிரதேசத்து மத்தியஸ்த சபைக்கு விண்ணப்பிக்கலாம். அங்கே சட்டத்தரணி வைக்க வேண்டியதில்லை. பிரதேச செயலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேட்டால் விண்ணப்பம் எழுத உதவுவார்.

கராஜுக்குப் போகும்போது பழந்துணியும் ஒரு சிறிய போத்தலில் மண்ணெண்ணெயும் கொண்டு போங்கள். மைனர் எஞ்சினின் இலக்கம் சிறு தகடொன்றில் இருக்கும். கிறீஸ் மூடிக் கிடக்கும், துடைத்துத்தான் வாசிக்க வேண்டும்.