பள்ளிக் கணினிகளை ஏலத்தில் கழிக்காமல் புதிய இயங்குதளம் நிறுவ அனுமதி கோரும் மனு

அனுப்புநர்:
செயலாளர்,
கணினி பழுதுநீக்குவோர் மற்றும் ஜெராக்ஸ் கடைக்காரர் சங்கம்,
சரவணம்பட்டி, கோயம்புத்தூர்.

பெறுநர்:
உயர்திரு அலுவலர் அவர்கள்.

பொருள்: அரசுப் பள்ளிக் கணினிக் கூடம் – பழைய கணினிகளில் லினக்ஸ் நிறுவ அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் முந்தைய மூன்று கடிதங்கள்.

ஐயா,

சத்தி ரோட்டில் கடை வைத்திருக்கும் நாங்கள் மேற்படி அரசுப் பள்ளியில் படித்தவர்கள், அல்லது அங்கே பிள்ளைகளைப் படிக்க வைப்பவர்கள்.

இது நான்காவது கடிதம். கூடத்து மூலையில் அடுக்கிக் கிடக்கும் கணினிகளைத் திறந்து பார்த்தோம், அவை பழுதாகவில்லை என்று முதல் கடிதத்தில் எழுதினோம். இரண்டாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 2 ஜிபி ரேம், விண்டோஸ் 7 என்று விவரமும் கொடுத்தோம். 'பெறப்பட்டது' என்ற முத்திரை கிடைத்தது. ரேமும் எஸ்எஸ்டியும் நாங்களே வாங்கிப் போடுகிறோம், கூலியும் வேண்டாம் என்று இரண்டாம் கடிதத்தில் எழுதினோம். அதற்கு முத்திரைகூட இல்லை. மூன்றாம் கடிதத்தைக் கொடுக்க வந்த அன்றுதான், அவையெல்லாம் கழிவுப் பட்டியலில் ஏறிவிட்டன, ஏலத்துக்குப் போகின்றன என்று தெரிந்தது. காரணம் கேட்டோம். "புது விண்டோஸ் ஏறமாட்டேங்குதுங்க" என்றார்கள்.

ஏறாதுதான். விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 கேட்கிறது, 4 ஜிபி ரேம் கேட்கிறது. இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும் என்கிறது. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றே முடிந்தது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இந்தக் கணக்கில் போனால், இப்போது கூடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் கணினிகளும் அடுத்த பட்டியலில் ஏறும். காயில் எரிந்த மோட்டாரை ரீவைண்டிங் கடைக்குக் கொண்டுபோகிற ஊர் இது. காயலான் கடைக்கு அல்ல. இந்தக் கணினிகளில் எதுவும் எரியக்கூட இல்லை.

இதற்கான வழியை நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. அரசே காட்டியிருக்கிறது. 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பி-க்கான ஆதரவு நின்றபோது, தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை, அரசு அலுவலகங்களில் பாஸ் லினக்ஸ் நிறுவும்படி அறிவுறுத்தியது. பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம். அன்றைய நிலையும் இன்றைய நிலையும் ஒன்றே: ஆதரவு நின்றது, கணினி நிற்கவில்லை. அரசுக் கோப்புகள் இருந்த கணினிகளுக்கே அது ஆகும் என்றால், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தட்டச்சு பழகும் கணினிக்கு ஏன் ஆகாது? இதை மூன்று கடிதங்களிலும் கேட்டோம். மூன்றிலும் அதே பத்தியை அடிக்கோடிட்டுத்தான் கொடுத்தோம். வாளையாரைத் தாண்டினால் கேரளத்து அரசுப் பள்ளிகளில் பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக லினக்ஸில்தான் படிக்கிறார்கள். அங்கே யாரும் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை.

பரிசோதிக்கவும் பயப்பட வேண்டியதில்லை. லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றிச் செருகினால், ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமலே ஓட்டிக் காட்டலாம். பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிட்டு உருவினால் பழையபடியே இருக்கும். எக்ஸ்எஃப்சிஇ போன்ற இலகுவான திரைமுகப்பு 2 ஜிபி-யிலும் எழும்; ஆனால் பிரவுசரில் நாலு டேப் திறந்தால் திணறும். அதனால்தான் ரேமைக் கூட்டுகிறோம், ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுகிறோம். தமிழ்99 விசைப்பலகையும் லிப்ரே ஆஃபீஸும் காசில்லாமலே கிடைக்கும். வானவில் எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் ஒரு தொல்லை என்பதை மறைக்கவில்லை. அதற்காக ஒரே ஒரு கணினியை விண்டோஸிலேயே, இணைய இணைப்பு இல்லாமல் விட்டுவைக்கலாம்.

ஆகவே எங்கள் கோரிக்கை: அந்தக் கணினிகளைக் கழிவுப் பட்டியலிலிருந்து நீக்கி, லினக்ஸ் நிறுவ எழுத்துப்பூர்வமாக அனுமதிக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரேயடியாக முடியாதென்றால் முதலில் ஒன்றுக்குக் கொடுங்கள். தலைமையாசிரியர் முன்னிலையில் ஒரே பிற்பகலில் முடித்துக் காட்டுகிறோம்.

மேலும் கீழ்க்கண்டவற்றையும் பரிசீலிக்க வேண்டுகிறோம்:
1. கூடத்தின் யுபிஎஸ் பேட்டரிகளை மாற்றித் தருதல்.
2. எர்த் இணைப்பைச் சரிபார்த்தல்.
3. கூடத்துச் சாவி விடுமுறை நாளிலும் கிடைக்க ஏற்பாடு செய்தல்.
4. மனுக்களுக்கு எண்ணிட்ட ஒப்புகைச் சீட்டு வழங்குதல்.

நான்காவதை மற்ற மூன்றோடு ஒப்புக்குச் சேர்த்ததாக எண்ண வேண்டாம்.

ஏலம் எடுத்தவர் லாரியோடு வந்து நின்ற பிறகு கிடைக்கும் அனுமதியால் பயனில்லை. அதற்கு முன்பாகப் பதில் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். முந்தைய மூன்று கடிதங்களின் நகல்களும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன.

இப்படிக்கு,
செயலாளர்.