வைரம் விளையும் நாட்டில் மருந்துக்குத் தட்டுப்பாடு! போட்ஸ்வானாவில் என்ன நடந்தது?

2024 ஆகஸ்ட்டில் போட்ஸ்வானாவின் கரோவே சுரங்கத்தில் 2,492 காரட் வைரம் கிடைத்தது. 1905-ல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினனுக்கு அடுத்து இதுதான் பெருசு. சரியா ஒரே வருஷம். 2025 ஆகஸ்ட்டில் அதே நாடு, மருந்து தட்டுப்பாட்டால் பொது சுகாதார அவசரநிலையை அறிவித்தது.

வைரம் என்ன கொடுத்தது?

1966-ல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது, உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று போட்ஸ்வானா. மாடு வளர்ப்புதான் முக்கியப் பிழைப்பு. அடுத்த வருஷமே ஓராபாவில் வைரம் கிடைத்தது. அந்த வருமானம் பள்ளிக்கூடம், சாலை, ஆஸ்பத்திரியாக மாறியது.

சிக்கல் எங்கே?

ஏற்றுமதியில் பெரும்பங்கு வைரம்தான். ஆய்வகத்தில் தயாராகும் மலிவு வைரங்கள் சந்தைக்கு வந்ததும், சுரங்க வைரத்தின் விலை சரிந்தது. வேலையின்மை கூடியது. 58 வருஷம் ஆண்ட கட்சி 2024 அக்டோபர் தேர்தலில் தோற்றது. டூமா போகோ அதிபரானார். ஆட்சி மாறிச்சு, ஆனா கஜானா நிறையல. அமெரிக்காவும் உதவியைக் குறைக்க, மருந்து வாங்கவே பணம் இல்லை.

வேறு வழி இருக்கா?

ஒகவாங்கோ டெல்டாவும் சுமார் 1.3 லட்சம் யானைகளும் சுற்றுலாப் பயணிகளை இழுக்கின்றன. ஆனால் அதே யானைகள் பயிரை அழிப்பதாக விவசாயிகள் புலம்புகிறார்கள். வைரம் தந்த வருமானத்தை சுற்றுலா மட்டுமே ஈடுகட்டவும் முடியாது.

ஒற்றைப் பொருளை நம்பிய நாட்டில், அதன் விலை சரிந்தால் முதல் அடி நோயாளிக்குத்தான்.